பணி ஓய்வுக்குப் பிறகு மோட்டார் சைக்கிளை எந்த ஊரில் நிறுத்துவது? ஒரு முழுமையான வழிகாட்டி

போன மாசம் ஷா ஆலமிலிருந்து பழைய கூட்டாளி ஒருவன் போன் அடித்தான். "மச்சான், அடுத்த வருஷம் எனக்கு 60. வேலைய விட்டதும் எந்த ஊர்ல போய் உக்காந்தா நிம்மதியா மோட்டார் ஓட்டலாம்? நீதான் முன்னாடியே போயிட்டியே, சொல்லு." ஒரு மணி நேரம் பேசியும் முடியவில்லை. பாதி சொன்னேன், மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில். பிறந்தது இதே வட்டாரத்தில் ஒரு தோட்டத்து லயத்தில். அப்பா பால்மரம் சீவியவர். அவருடைய ஹோண்டா கப்பின் பின்னால் இரண்டு பக்கமும் பால் தோம்பு தொங்கும். வளைவில் அந்தப் பால் தளும்பாமல் ஓட்டுவார், அவ்வளவு பதமான கை. பிறகு 30 வருஷத்துக்கு மேல் கிள்ளான் பக்கம் தொழிற்சாலை வேலை. திரும்பி வருவதற்கு முன்னால் நான்கு ஊர்களைச் சுற்றிப் பார்த்து, ஒன்றில் முன்பணம் கொடுக்கும் வரை போய், தப்பித்து வந்தேன்.

தப்பித்தேன் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நம்மில் முக்கால்வாசிப் பேர் ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்த மலைப்பாதையை மனசில் வைத்து ஊரைத் தேர்ந்தெடுக்கிறோம். ஓய்வு பெற்றவனுக்கு வாரம் முழுக்க செவ்வாய்க்கிழமைதான். மார்க்கெட்டுக்குப் போகும் ரோடு, கிளினிக்குக்குப் போகும் ரோடு, கோயில், தே தாரிக் கடை. இந்த ரோடுகளில் ஓட்டும்போது மனசு குளிர்ந்தால் அதுதான் ஊர். மலை அரை நாள் தூரத்தில் இருந்தால் போதும்.

முதல் படி: ஊரைத் தேடும் முன் வண்டியை எடை போடுங்கள்

57 வயதில் என்னிடம் 800 சிசிக்கு மேல் ஒரு பெரிய வண்டி இருந்தது. ஒரு நாள் பெட்ரோல் நிலையத்தில் காசு கட்டிவிட்டு வந்து, ஏறி உட்கார்ந்து, இடது காலை ஊன்றினேன். தரையில் எண்ணெய்க் கறை. வேகம் பூஜ்யம், நின்ற இடத்திலேயே வண்டி சாய்ந்தது. முட்டி அன்றைக்குப் போனதுதான், இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. அங்கே வேலை செய்த நேப்பாளித் தம்பிகள் இரண்டு பேர் ஓடி வந்து தூக்கினார்கள். நான் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தேன். அந்த அவமானம் முட்டி வலியை விடப் பெரிது.

ஆகவே ஒரு பரிசோதனை. வண்டியை அணைத்துவிட்டு, சின்னச் சரிவில் பின்னோக்கி மேலே தள்ளிப் பாருங்கள். பெட்ரோல் நிரம்பிய டேங்கோடு, தனியாக, மூன்று தடவை. மூன்றாவது தடவை மூச்சு வாங்கினால் அந்த வண்டிக்கு இன்னும் ஐந்து வருஷம்தான் ஆயுசு என்று வையுங்கள். உங்களுக்கு இல்லை, வண்டிக்கு.

இது ஏன் முதல் படி? 250 கிலோ வண்டிக்கு ஏற்ற ஊரும் 100 கிலோ கப்சாய் எனும் சின்ன வண்டிக்கு ஏற்ற ஊரும் வேறு வேறு. பெரிய வண்டிக்கு நீண்ட நெடுஞ்சாலை வேண்டும், பட்டணத்துப் பட்டறை வேண்டும், டயர் வாங்க ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ போக வேண்டும். ஹோண்டா ஈஎக்ஸ்5 மாதிரி ஒரு கப்சாய் இருந்தால் மலேசியாவில் எந்த மூலையிலும் சாமான் கிடைக்கும், கம்பத்து (கிராமத்து) சந்திலும் நுழையும், தோட்டத்துச் செம்மண் ரோட்டிலும் போகும். நான் பெரியதை விற்றுவிட்டு ஒரு 250 சிசியும் ஒரு பழைய ஈஎக்ஸ்5-உம் வைத்திருக்கிறேன். ரோட் டாக்ஸ் கணக்கையும் பாருங்கள்: 150 சிசி வரைக்கும் வருஷத்துக்கு 2 வெள்ளி (ரிங்கிட்), 250 சிசிக்கு 50 வெள்ளி, 800-ஐத் தாண்டினால் 350 வெள்ளி. சம்பளம் வந்தபோது இது கணக்கே இல்லை. சேமநிதியிலிருந்து எடுத்துச் சாப்பிடும்போதுதான் உறைக்கும்.

இரண்டாம் படி: வரைபடத்தில் மூன்று வட்டம்

பார்க்கும் ஊரை நடுவில் வைத்து மூன்று வட்டம் போடுங்கள். முதலாவது கால் மணி நேரம்: மார்க்கெட், கிளினிக், கோயில், பட்டறை. இரண்டாவது ஒரு மணி நேரம்: பெரிய ஆஸ்பத்திரி, பெரிய பட்டணம், பிள்ளைகள் வந்து இறங்கும் ரயில் அல்லது பஸ் நிலையம். மூன்றாவது அரை நாள்: மலை, ஏரி, கடல். முதல் இரண்டு வட்டமும் நிறைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மூன்றாவதைப் பார்க்க வேண்டும். நான் தலைகீழாகச் செய்தேன், அதனால் சொல்கிறேன்.

இந்தக் கணக்கில் தோட்டப்புறப் பட்டணங்கள் ஏன் ஜெயிக்கின்றன என்று யோசித்ததுண்டா? வெள்ளைக்காரன் ரப்பரை மேற்குக் கரைச் சமவெளியில் தொடங்கி மத்திய மலைத்தொடரின் அடிவாரம் வரைக்கும் நட்டான். தோட்டம் முடிகிற இடத்தில் காடு, காடு தொடங்குகிற இடத்தில் வளைவு. கம்யூனிஸ்ட்டுப் போராளிகளை எதிர்த்து நடந்த எமர்ஜென்சியின் (அவசரகாலத்தின்) வரலாறும் இதே கோட்டில்தான் ஓடுகிறது. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வெள்ளைக்காரர்கள் மூன்று பேர் சுடப்பட்டதை அடுத்துத்தான் எமர்ஜென்சி அறிவிக்கப்பட்டது. 1951 அக்டோபர் 6-ஆம் தேதி பிரிட்டிஷ் ஹை கமிஷனர் கர்னி கொல்லப்பட்டது ஃப்ரேசர் மலைக்கு ஏறும் பாதையில். ஒளிந்து சுட வசதியான வளைவுகள்தான் இன்றைக்கு நாம் தேடிப் போய் ஓட்டும் வளைவுகள். எதிரே வருவது தெரியாது என்பது அன்றைக்கும் உண்மை, இன்றைக்கும் உண்மை.

மூன்றாம் படி: ஊர்களை ஒவ்வொன்றாகச் சலியுங்கள்

கோல குபு பாரு. சிலாங்கூர்க்காரர்கள் எல்லாருக்கும் முதலில் நினைவு வருவது இதுதான். இங்கிருந்து கேப் எனும் மலைக் கணவாய் வழியாக ஃப்ரேசர் மலைக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அணைக்கட்டு ஏரியைச் சுற்றிப் போய், பிறகு மரநிழல், வளைவுக்கு மேல் வளைவு. அரசாங்க ஆஸ்பத்திரி உண்டு, கொமுட்டர் ரயில் உண்டு. 1883-இல் அணை உடைந்து பழைய ஊரை வெள்ளம் கொண்டுபோனது, பிறகுதான் புது ஊர் எழுந்தது. அந்தப் பழைய இடத்துக்குப் பெயரே அம்பாங் பெச்சா, உடைந்த அணை. குறை என்ன? சனி ஞாயிறில் கோலாலம்பூரே இங்கே வந்துவிடும். சூப்பர் பைக் கூட்டம் ஒரு பக்கம், சைக்கிள் கூட்டம் ஒரு பக்கம். வார நாளில் சொர்க்கம், வார இறுதியில் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

தாப்பா. கேமரன் மலைக்குப் பழைய வாசல். தானா ராத்தா வரைக்கும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைவு. ஆனால் அதே ரோட்டில் காய்கறி லாரி இறங்குகிறது, மழைக்காலத்தில் மண் சரிகிறது. தாப்பாவில் இருந்துகொண்டு தினமும் கேமரன் போகப் போவதில்லை. அப்புறம் என்ன மிச்சம் என்று பார்த்தால், எனக்கு மிச்சம் குறைவாகத் தெரிந்தது. தாப்பாக்காரர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

பஹாவ், கோல பிலா வட்டாரம். சிரம்பானிலிருந்து புக்கிட் தங்கா ஏறி கோல கிளாவாங் இறங்கும் ரோடு, தித்தியிலிருந்து கெந்திங் பெராஸ் வழியாக உலு லங்காட் போகும் ரோடு, இரண்டும் அருமை. ஜெலுபு பக்கம் தீபகற்பத்திலேயே மழை குறைந்த இடம். மோட்டார்க்காரனுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. இதற்கு நேர் எதிர், பேராக்கில் இருக்கும் தைப்பிங். ஏரித் தோட்டமும் பழைய கட்டடங்களுமாக அழகான ஊர், ஆனால் மழைக்கு அதை மிஞ்ச ஊர் இல்லை. மழைக்கோட்டைக் காய வைக்கவே நேரம் போதாது.

கூலிம். தமிழர்கள் நிறைய, பாலிங் வழியாக கிரிக் போகலாம். தொழிற்பேட்டை ஷிஃப்டு விடும் நேரத்தில் ரோட்டில் இறங்காமல் இருந்தால் நல்ல ஊர்.

கிழக்குக் கரை. கடலோர ரோடு கண்ணுக்கு விருந்து. நவம்பரிலிருந்து சில மாதம் பருவமழை, வெள்ளம். நம்மவர்களும் குறைவு. விருந்தாளியாகப் போய்வருவதோடு சரி.

சுங்கை சிப்புட். என் ஊர், ஆகவே உப்புக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். ஈப்போ ஏறத்தாழ 30 கிலோமீட்டர். வடக்கே கோல கங்சார், லெங்கோங், கிரிக். தெற்கே சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரனுக்கு அகலமான புது ரோடு. மேற்கே லுமுட் கடல். லெங்கோங் பள்ளத்தாக்கு 2012-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கிரிக்கைத் தாண்டினால் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை, ஜெலி வரைக்கும் 100 கிலோமீட்டருக்கு மேல் காடு. 1982-இல் திறந்த ரோடு. கிரிக்கிலேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள். யானை கடக்கும் பலகையை அலங்காரத்துக்கு வைக்கவில்லை.

மோட்டாருக்கு வடக்கு தெற்குப் பிளஸ் நெடுஞ்சாலையில் டோல் இல்லை என்பதை வைத்துச் சிலர் நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே வீடு தேடுகிறார்கள். 65 வயதில் லாரிக் காற்றில் ஆடிக்கொண்டு நேர்கோட்டில் போவதில் என்ன இன்பம் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

நான்காம் படி: ஒரு மாதம் வாடகைக்கு இருங்கள், அதுவும் மழையில்

இந்த ஒரு படியை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் முன்பணம் கொடுக்கப் போன வீடு ஒரு மலை ஓரத்துத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்). பிப்ரவரியில் பார்த்தேன், வெயில், நீல வானம். தரகர் இன்னொருவர் காத்திருப்பதாக அவசரப்படுத்தினார். மனைவிதான், "இவ்வளவு அவசரம்னா அவருக்கே குடுங்க"ன்னு சொல்லி எழுந்துவிட்டாள். அக்டோபரில் அதே இடத்தில் வாடகைக்கு மூன்று வாரம் இருந்தோம். தினமும் மூன்று மணிக்கு இடி, ஆறு மணி வரைக்கும் மழை. தாமானுக்கு ஒரே ஒரு வழி, அதில் முழங்கால் அளவு தண்ணீர்.

மேற்குக் கரையில் மழை உச்சத்துக்குப் போவது வருஷத்துக்கு இரண்டு முறை: ஏப்ரல், மே ஒரு தடவை, அக்டோபர், நவம்பர் ஒரு தடவை. வாடகைக்குப் போவதானால் அக்டோபர் நடுவில் போங்கள்.

அந்த மாதத்தில் எதைப் பார்ப்பது? காலை ஏழு மணிக்குத் தோட்ட வாசலில் போய் நில்லுங்கள். செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை ஏற்றிய லாரி வெளியே வரும். அதன் சக்கரத்தில் ஒட்டிய செம்மண் தார் ரோட்டில் 100 மீட்டருக்கு விழுந்துகொண்டே போகும். வெயிலில் அது வெறும் தூசி. மழை தொடங்கிய முதல் பத்து நிமிஷம் சவர்க்காரம். அதைவிட மோசம் உதிரிப் பழம். வளைவில் லாரி சாயும்போது நாலைந்து பழம் உருண்டு விழும். அடுத்த லாரி அதன்மேல் ஏறினால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு எண்ணெய்க் கோடு, சரியாக நம் சக்கரம் போகும் தடத்தில். உள்ளூர்ப் பையன்கள் கோடு தெரிந்ததும் ரோட்டின் நடுப்பக்கம் ஒதுங்குவார்கள். பட்டணத்திலிருந்து வந்தவன் பிரேக் அடிப்பான். அதோடு கதை முடிந்தது. எந்த வளைவில் பழம் விழும் என்று தெரிந்துகொள்ளவே உங்களுக்கு ஒரு மாதம் வேண்டும்.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றும் பாருங்கள். செம்பனை ஆலையின் கழிவுக் குட்டை வாடை மழைக்கு முன்னால் வந்து வீட்டுக்குள் உட்காரும். சனிக்கிழமை ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து காதைக் கொடுங்கள். நேர் ரோடு பக்கத்தில் இருந்தால் ரெம்பிட் பையன்கள் பந்தயம் விடுவார்கள். ஒரு காலத்தில் நாமும் அதே சத்தத்தை ரசித்தவர்கள்தான், இருந்தாலும் தூக்கம் தூக்கம்தான்.

ஐந்தாம் படி: விழுந்தால் யார் பார்ப்பார்கள்?

நம் நாட்டில் சாலை விபத்தில் சாகிறவர்களில் பாதிக்கு மேல் மோட்டார்க்காரர்கள். இதைச் சொல்லாமல் வழிகாட்டி எழுதினால் அது துரோகம். வீட்டிலிருந்து எலும்பு முறிவைப் பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம் என்று நீங்களே ஓட்டிப் பாருங்கள், வேலை நாள் மாலை ஐந்து மணிக்கு. சுங்கை சிப்புட்டில் சிறிய அரசாங்க ஆஸ்பத்திரி உண்டு. பெரியதென்றால் ஈப்போவில் ராஜா பெர்மைசூரி பைனுன். குடிமக்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளி, நிபுணர் கிளினிக் 5 வெள்ளி. காசு பிரச்சினை இல்லை, தூரமும் காத்திருப்பும்தான் பிரச்சினை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் மருந்து வாங்கும் கிளினிக் கால் மணி வட்டத்துக்குள் இருக்கட்டும்.

தனியாக ஓட்டும்போது பணப்பையில் ஒரு சீட்டு வையுங்கள்: பெயர், சாப்பிடும் மருந்து, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, வீட்டு நம்பர். மலாயில் எழுதுங்கள். தூக்க வருகிறவர் தமிழராக இருப்பார் என்று உத்தரவாதம் இல்லை. மலைப்பாதையில் போனுக்கு லைன் கிடைக்காத இடம் உண்டு. கிளம்பும் முன் எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்குத் தனியாக ஒன்று. காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு, பசியாறாமல், "கோல கங்சார் போய் லக்சா சாப்பிட்டுக்கலாம்"னு கிளம்பாதீர்கள். எனக்கு ஒருமுறை ஹெல்மெட்டுக்குள் வியர்த்துக் கொட்டிக் கை நடுங்கியது. ஓரம் கட்டி, பெட்டியில் இருந்த மைலோவைக் குடித்து, அரை மணி நேரம் ரம்புத்தான் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன்.

ஆறாம் படி: நிலமும் வீடும்

தோட்டத்தில் பரம்பரையாக உழைத்தவர்களை வேலை முடிந்ததும் லயத்தைக் காலி பண்ணச் சொன்ன கதை நம் எல்லார் குடும்பத்திலும் உண்டு. அதனாலேயே நமக்கு வீடு வாங்குவதில் ஒரு பதற்றம். பதறாமல் இவற்றைப் பாருங்கள்.

மலை ஓரமாக, மலிவாக, அழகாகக் கிடைக்கும் கம்பத்து நிலம் பல இடங்களில் மலாய்க்காரர்களுக்கு ஒதுக்கிய மலாய் ரிசர்வாக இருக்கும். நம் பெயருக்கு மாற்ற முடியாது. "ஒருத்தர் பேர்ல வாங்கி வச்சிக்கலாம்"னு யோசனை சொல்வார்கள், காதில் வாங்காதீர்கள். நில அலுவலகத்தில் அந்த லாட்டுக்கு அதிகாரபூர்வத் தேடல் செய்து, கிராண்டில் (நிலப் பட்டாவில்) என்ன எழுதியிருக்கிறது என்று உங்கள் கண்ணால் படியுங்கள்: உரிமையாளர் யார், ஃப்ரீஹோல்டா லீஸ்ஹோல்டா, லீஸ் இன்னும் எத்தனை வருஷம், வீடு கட்டும் நிலமா விவசாய நிலமா, அடமானமோ தடையோ இருக்கிறதா. வக்கீலைப் பார்ப்பதற்கு முன்னாலேயே பாதி வீடுகள் இங்கே கழிந்துவிடும்.

பிறகு மோட்டார்க்காரன் கண்ணோடு பாருங்கள். வாசலிலிருந்து ரோட்டுக்குச் சரிவு எவ்வளவு? போர்ச்சுத் தரை வழவழப்பு ஓடா, சிமெண்டா? ஈரக் காலணியோடு ஓட்டில் வண்டியைத் திருப்பிப் பாருங்கள், புரியும். வண்டி நிற்கும் இடம் படுக்கையறை ஜன்னலுக்குத் தெரிகிறதா? கப்சாய் திருடுகிறவனுக்கு இரண்டு நிமிஷம் போதும். தரையில் இரும்பு வளையம் பதித்துச் சங்கிலி போட இடம் வேண்டும். ஓரமாக ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு விசிறி. மழை நாளில் கார்புரேட்டரைக் கழற்றி உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாது.

ஏழாம் படி: போமென் (மெக்கானிக்)

ஒவ்வொரு ஊரிலும் வயதான சீனர் ஒருவரின் பட்டறை இருக்கும். முன்னால் டயர் அடுக்கு, உள்ளே இருட்டு, ரேடியோ. போய் எண்ணெய் மாற்றுங்கள், அதுவே நேர்முகத் தேர்வு. பழைய சாமானைக் கையில் கொடுத்துக் காட்டுகிறாரா? "இன்னும் ஓடும், இப்ப மாத்த வேணாம்"னு ஒரு தடவையாவது சொல்கிறாரா? அவருக்கு வயசு 70 என்றால், பட்டறையைப் பார்த்துக்கொள்ள மகனோ வேலைக்காரப் பையனோ இருக்கிறானா என்றும் பாருங்கள். எங்கள் ஊர் அங்கள் என் செயினைப் பார்த்துவிட்டு மலாயில் சொன்னது: "வண்டிக்குத் தினம் சோறு போடற, தண்ணி குடுக்கறதில்ல." அன்றைக்கே இந்த ஊர்தான் என்று பாதி முடிவாகிவிட்டது.

எட்டாம் படி: பின் சீட்டில் இருப்பவர்

ஒவ்வொரு ஊரிலும் மனைவியிடம் ஒரு கேள்வியை மட்டும் கேட்டேன்: "நான் மோட்டார் ஓட்ட முடியாமப் போனா, இல்ல நானே இல்லாமப் போனா, நீ இங்க இருப்பியா?" நடந்து போகும் தூரத்தில் மளிகைக்கடை, கூப்பிட்டால் வரும் கிராப் கார், தமிழில் பேச அக்கம்பக்கம், வெள்ளிக்கிழமைக்கு ஒரு கோயில். இரண்டு ஊரில் "இருக்க மாட்டேன்"னு யோசிக்காமல் சொன்னாள். இங்கே கொஞ்சம் யோசித்துவிட்டு, "மார்க்கெட் பக்கத்துல வீடு கெடச்சா இருப்பேன்" என்றாள். கிடைத்தது. பள்ளத்தாக்கு தெரியும் வீடு எனக்குக் கிடைக்கவில்லை. தினமும் காலையில் நெத்திலி வாங்கிக்கொண்டு அவள் நடந்து வருவதைப் பார்க்கும்போது பெரிய வருத்தமும் இல்லை.

காசைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. சேமநிதியை 55-இல் எடுக்கலாம் என்பதற்காகப் புது வண்டி வாங்க மொத்தமாக எடுக்காதீர்கள். அப்படி எடுத்த இரண்டு பேரைத் தெரியும். இருவரும் இப்போது செக்யூரிட்டி வேலை பார்க்கிறார்கள், வண்டிகள் துணி மூடி நிற்கின்றன.

கூட்டாளியிடம் இவ்வளவும் சொன்ன பிறகு, "சரி மச்சான், அக்டோபர்ல குடும்பத்தோட வர்றேன், வாடகைக்கு வீடு பாரு" என்றான். பார்த்துவிட்டேன். மார்க்கெட்டிலிருந்து இரண்டாவது சந்து, சாவி என்னிடம்தான் இருக்கிறது. பெரிய வண்டியோடுதான் வருவேன் என்று அடம் பிடிக்கிறான். அந்த வீட்டு வாசலில் சரிவு கொஞ்சம் அதிகம். வந்து தள்ளிப் பார்க்கட்டும்.